வீட்டுக்குக் கொடுக்காத அட்டைகள்

போன மாதம் என் பழைய வேலையிடத்திலிருந்து ஒரு தொலைபேசி வந்தது. நான் ஓய்வுபெற்ற பிறகு என் கதிரைக்கு வந்திருக்கும் இளம் டேனிஷ் பெண்தான் பேசினாள். பேச்சை இழந்த நோயாளிகள் வீட்டில் பயிற்சி செய்வதற்காகப் படம் போட்ட சொல் அட்டைகளைக் கொடுத்து அனுப்புவது எங்கள் வழக்கம். அவற்றையெல்லாம் இப்போது தட்டுக்கணினிக்கு மாற்றுகிறார்களாம். "உங்கள் அட்டைகளில் கதவு இருக்கிறது, தலையணை இருக்கிறது, கோப்பிக் கோப்பை இருக்கிறது. வலி, தாகம், பயம் ஒன்றுமே இல்லையே. ஒரு நோயாளிக்கு முதலில் வேண்டியது அவைதானே? எவரைக் கேட்டாலும் இங்கே எப்போதும் அப்படித்தான் என்கிறார்கள். நான் சேர்த்துவிடட்டுமா?" என்று கேட்டாள்.

"சேர்க்காதே" என்றேன். ஏன் என்று கேட்டாள். டேனிஷ்காரர் ஏன் என்று கேட்டால் அதில் குத்தல் ஒன்றும் இருக்காது, உண்மையாகவே காரணம் தெரிய வேண்டும் என்றுதான் கேட்பார்கள். எனக்குத்தான் சட்டென்று கோபம் வந்தது. பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டேன். அன்று பின்னேரமே அவளுக்கு டேனிஷில் சுருக்கமாகக் காரணத்தை எழுதி அனுப்பினேன். எழுதிய பிறகும் மனம் ஆறவில்லை. அந்த விதி எங்கள் ஆட்களின் வீடொன்றில் நடந்ததால் வந்த விதி. ஆகவே முழுவதையும் தமிழில் எழுதுகிறேன். பேச முடியாத ஒருவரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் வாசித்தால் நல்லது.

என் தொழிலை எங்கள் சனத்துக்கு விளங்கப்படுத்துவதற்கே எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. பாரிசவாதம் வந்தோ தலையில் அடிபட்டோ பேச்சுப் போனவர்களுக்கு அதை மீட்டுக் கொடுக்கப் பார்ப்பது என் வேலை. எங்கள் ஆட்கள் என்னைப் 'பேச்சு ரீச்சர்' என்றார்கள். ஒருவர் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்து, கலைவிழாப் பேச்சுப் போட்டிக்கு ஆயத்தப்படுத்தித் தரச் சொன்னார். நானும் ஆயத்தப்படுத்தினேன். பிள்ளை மூன்றாம் இடம் வந்தான். அந்த மனிதர் அதற்குப் பிறகு என்னை மதிப்பதில்லை.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து டென்மார்க்குக்கு அகதியாக வந்து ஸ்கீவ என்ற ஊரில் இறங்கினேன். மொழிப் பள்ளிக்குப் போனேன், முதியோர் இல்லத்தில் நிலம் துடைத்தேன். அங்கே பேச்சுப் போன ஒரு கிழவியோடு எனக்கிருந்த அரைகுறை டேனிஷில் கதைத்துக் கதைத்து, இதுதான் என் வேலை என்று முடிவெடுத்தேன். இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே படித்து முடித்தேன். இக்காஸ்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு புனர்வாழ்வு நிலையத்தில் வேலை கிடைத்தது. அங்கே தலைவியாக இருந்தவர் குன்வோர்.

குன்வோர் நோர்வேயின் மேற்குக் கரையைச் சேர்ந்தவர். டேனிஷ் பன்றிப் பண்ணைக்காரர் ஒருவரைக் கலியாணம் முடித்து இங்கே வந்தவர். கலியாணம் நிலைக்கவில்லை, குன்வோர் இங்கேயே நின்றுவிட்டார். எத்தனை வருடம் இருந்தும் நோர்வே நாக்கை விடவில்லை. டேனிஷ் சொற்களை நோர்வே வாயால் ஒவ்வொரு அசையாக, பல்லுப் பல்லாகத் தெரியச் சொல்லுவார். வேலை செய்யும் டேனிஷ்காரர்கள் அதைப் பகிடி பண்ணுவார்கள். நோயாளிகள் ஒருநாளும் பகிடி பண்ணியதில்லை. அவர் சொன்னது அவர்களுக்கு விளங்கியது.

முதல் நாள் என்னை ஏதாவது டேனிஷில் பேசச் சொன்னார். இந்த நாட்டுக்காரரைப் போலவே பாதிச் சொல்லை விழுங்கி, மீதியைத் தொண்டைக்குள் உருட்டி, நான் பெருமையாகப் பேசினேன். அதற்காக நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. கேட்டு முடித்துவிட்டு, "நன்றாக விழுங்கப் பழகியிருக்கிறாய். நம்மிடம் வருகிறவர்களுக்கு விழுங்கிய சொல் உதவாது. அவர்களுக்கு எலும்பு தெரிகிற சொல் வேண்டும். நீ முதலில் என் மொழியில் பழகு" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒரு மொழியைப் பிடிக்கவே நாக்குத் தேய்ந்துவிட்டது, இனி இன்னொன்றா என்று நினைத்தேன்.

ஆனாலும் அந்தக் குளிர்காலம் முழுவதும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவருடைய அறையில் உட்கார்ந்து நோர்வேயின் கூட்டுச் சொற்களைப் படித்தேன். அந்த மொழிக்காரர் இரண்டு மூன்று பெயர்களை இடைவெளி விடாமல் ஒட்டிப் புதுப்பெயர் செய்துவிடுவார்கள். வீட்டையும் கூரையையும் ஒட்டினால் ஹூஸ்தாக், வீட்டுக்கூரை. பிள்ளையையும் தோட்டத்தையும் ஒட்டினால் பார்னெஹாகெ, பாலர் பள்ளி. அங்கே நடுவில் வரும் எ என்ற ஒலிதான் பசை. வேலையையும் நாளையும் ஒட்டினால் ஆர்பைட்ஸ்டாக், வேலைநாள். அங்கே பசை ஸ். கடைசித் துண்டுதான் அது என்ன பொருள் என்று சொல்லும், முன்துண்டு அது எப்படிப்பட்டது என்று சொல்லும். டேனிஷிலும் சட்டம் இதேதான், ஆனால் பேசும்போது ஒட்டிய இடத்துத் தையல் தெரியாது. நோர்வேக்காரரின் வாயில் தையல் தெரியும்.

அசை பிரிப்பதற்குக் குன்வோர் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். முதலில் தையலில் வெட்ட வேண்டும். பிறகுதான் ஒவ்வொரு துண்டையும் தனித்தனி அசையாக வெட்டலாம். ஹூஸ், தாக் என்று வெட்டினால் வீடும் கூரையும் கையில் இருக்கும். ஹூ, ஸ்தாக் என்று வெட்டினால் இரண்டும் இல்லை. உச்சரிக்கும்போது முதல் துண்டின் தொடக்கத்தில் பாரத்தைப் போட வேண்டும். இரண்டாம் துண்டு தணிந்து வர வேண்டும், ஆனால் செத்துப்போகக் கூடாது. நடுவில் மூச்சு விடவே கூடாது, விட்டால் கேட்கிறவர் அதை இரண்டு சொல்லாக எடுப்பார். எங்களிடமும் இது இருக்கிறது என்று சொல்லி, தலைவலிக்கு நாங்கள் சொல்லும் தலையிடியைச் சொல்லிக் காட்டினேன். தலை, இடி, நடுவில் ஒட்டுவதற்கு ஒரு ய். எங்களுக்கும் கடைசித் துண்டுதான் பெரியவர். குன்வோர் மேசையில் தட்டித் தட்டி, த-லை-யி-டி என்று சொல்லிப் பார்த்தார். "தையல் யகரத்துக்குள் ஒளிந்திருக்கிறது" என்று சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம்.

நோயாளியிடம் இதை எப்படிச் செய்வோம் என்று சொல்ல வேண்டும். பேச்சுப் போனவர்களுக்குப் பெரும்பாலும் வலது கை விழுந்திருக்கும். ஆகவே இடது கையைப் பிடித்து, அசைக்கு ஒரு தட்டாக மேசையில் தட்டுவோம். முதலில் வாயை மூடி இராகத்தை மட்டும் முனகுவோம். பிறகு இருவரும் சேர்ந்து சொல்லுவோம். பிறகு நாங்கள் மெல்லக் குரலைக் குறைத்து, அவரைத் தனியே விடுவோம். கடைசியில் அட்டையை மறைத்துவிட்டுக் கேள்வி கேட்போம். கேள்விக்குப் பதிலாக அந்தச் சொல் வந்தால்தான் குன்வோர் அதைச் சொல் என்று ஏற்றுக்கொள்வார். அதற்கு முன் வருவதெல்லாம் அவருக்கு எதிரொலி.

அவர் நோயாளிக்கு முன்னால் தன் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்திருப்பார். கை வெளியே இருந்தால் சைகை காட்டி உதவி செய்யத் தோன்றுமாம். ஒருவர் சொல்லத் தொடங்கியதை அவர் ஒருபோதும் முடித்துவைத்ததில்லை. என் தொடக்க நாட்களில் ஒரு டேனிஷ் தச்சர் கோப்பிக் கோப்பை என்று சொல்ல முடியாமல் வியர்த்து விறுவிறுத்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பொறுக்காமல் நானே சொல்லிவிட்டேன். மனிதர் நன்றியோடு தலையாட்டினார். வெளியே வந்ததும் குன்வோர், "அவருடைய சொல்லை நீ தின்றுவிட்டாய்" என்றார். அவருக்கு இன்னொரு பிடிவாதமும் இருந்தது. வளர்ந்த மனிதர் பேசினால் கெட்டிக்காரர் என்று பாராட்டக் கூடாது. "பேசியவருக்குப் பதில் சொல்ல வேண்டும். பாராட்டு பிள்ளைகளுக்கு" என்பார்.

அருளானந்தம் அண்ணை எங்களிடம் வந்தபோது எனக்கு நல்ல அனுபவம் வந்துவிட்டது. மன்னார்க்காரர். இக்காஸ்ட் துணி ஆலையில் தொடங்கி, ஆலை மூடியதும் வேறொரு தொழிற்சாலைக்குப் போய், வேலையிலேயே பாரிசவாதம் வந்து விழுந்தவர். மூளையில் இரத்தம் கட்டியிருந்தது. உயிர் தப்பிவிட்டது. வலது கையும் பேச்சும் போய்விட்டன. அவருடைய மனைவி றீற்றா அக்கா முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்தார். ஒரே மகள் அனிதா, இங்கே பிறந்தவள், ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை. தாய் தமிழில் கேட்பார், மகள் டேனிஷில் பதில் சொல்லுவாள். இருவருக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

முதல் நாள் நான் தமிழில் தொடங்கினேன். "அண்ணை, சாப்பிட்டனீங்களோ?" என்றேன். "ஓம்" என்றார். "சாப்பிடேல்லையோ?" என்றேன். அதற்கும் "ஓம்" என்றார். பெயர் கேட்டேன், ஊர் கேட்டேன், எல்லாவற்றுக்கும் அதே ஓம். கேட்டது பெரும்பாலும் அவருக்கு விளங்கியது, அது கண்ணில் தெரிந்தது. தவறான விடை வாயிலிருந்து போவதைத் தானே கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அந்த மனிதரில் அப்போதே பெரிய இரக்கம் உண்டாயிற்று.

றீற்றா அக்காவுக்கோ பெரிய நம்பிக்கை. "தங்கச்சி, இவருக்குக் கதை போகேல்லை. செபமாலை சொல்லேக்கை எங்களோடை சேர்ந்து ஒரு சொல் பிசகாமல் சொல்லுறார். கேட்டுப் பாருங்கோ" என்றார். உண்மைதான். சின்ன வயதிலிருந்து நாள்தோறும் சொன்ன செபம் மூளையில் வேறோர் இடத்தில் இருக்கிறது. பேச்சு முழுவதும் போனவர்களும் செபம் சொல்லுவார்கள், பாட்டுப் பாடுவார்கள், கெட்ட வார்த்தை சொல்லுவார்கள். அதே வாயால் தண்ணீர் என்று கேட்க வராது. இதை நான் விளங்கப்படுத்தினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாதா கைவிடமாட்டா" என்றார்.

வியப்பு என்னவென்றால், அவருக்கு முதலில் வந்த சொல் டேனிஷ். மாத்பாக்கெ, வேலைக்குப் பாண் ரொட்டியைக் கட்டிக்கொண்டு போகும் சாப்பாட்டுப் பொதி. சாப்பாடு, பொதி, இரண்டு துண்டு. வருடக்கணக்கில் தொழிற்சாலை இடைவேளையில் சொன்ன சொல். தட்டி, முனகி, சேர்ந்து சொல்லி, ஒரு நாள் அட்டையை மறைத்துவிட்டு வேலைக்கு என்ன கொண்டுபோவீர்கள் என்று கேட்டேன். "மாத்" என்றார். கை அந்தரத்தில் நின்றது. பிறகு "பாக்கெ" என்றார். றீற்றா அக்கா அழுதுகொண்டே சிரித்தார். "சோறு எண்டு வருகுதில்லை, மாத்பாக்கெ வருகுது! பாணைக் கட்டிக் குடுத்த பலன்!" என்று கைதட்டினார். அருளானந்தம் அண்ணையும் சிரித்தார். வாயின் ஒரு பக்கம்தான் சிரித்தது.

அன்றே நான் சொன்னேன். "அக்கா, கை தட்டாதேங்கோ. அண்ணை ஏதும் சொன்னா அதுக்குப் பதில் சொல்லுங்கோ." அவர் என் தோளில் செல்லமாகத் தட்டி, "போங்கோ தங்கச்சி, பிள்ளை முதல் அடி வைக்கேக்கை ஆரும் சும்மா இருப்பினமோ?" என்றார். எங்கள் ஆட்களின் மகிழ்ச்சிக்குக் கைதட்டலும் காணொளியும் இல்லாவிட்டால் நிறைவு வராது. மாத்பாக்கெயும் காணொளியாகித் தொரொன்ரோவிலும் பாரிசிலும் இருந்த சகோதரங்களுக்குப் போனது. அங்கிருந்தும் கைதட்டும் படங்கள் வந்தன.

அடுத்த சொற்களைத் தெரிவு செய்தது நான்தான். குன்வோரிடம் காட்டி அனுமதி வாங்கினேன். தலையில் தொடங்கும் ஒரு குடும்பம். தலையணைக்கு ஹோத்பூதெ, தலைவாசலுக்கு ஹோத்டோர், தலையிடிக்கு ஹோத்பீனெ. மூன்றும் தமிழில் எப்படி ஒட்டுகின்றனவோ டேனிஷிலும் அப்படியே ஒட்டும். டேனிஷ் சொல் தமிழ்ச் சொல்லையும் இழுத்துக்கொண்டு வரும் என்று கணக்குப் போட்டேன். குன்வோர் தன் நோர்வே முறையில் அசை தெரியச் சொல்லிப் பார்த்தார். ஹோ-எத், பீ-னெ. நாலு தட்டு, முதல் தட்டுப் பலமாக. "நல்ல சொற்கள், நல்ல தையல்" என்றார்.

கிழமைக்கணக்கில் அதைச் செய்தோம். அருளானந்தம் அண்ணை ஒவ்வொரு தடவையும் ஹோ-எத் என்று இரண்டு தட்டுத் தட்டி, தையலில் வந்து நின்றுவிடுவார். தொண்டை ஏறி இறங்கும். பிறகு பீ-னெ என்று மற்ற இரண்டு தட்டு. தட்டாமல் அவருக்கு ஓர் அசையும் வராது. தட்டவிடாமல் கையைப் பிடித்தால் வாயும் நின்றுவிடும். தமிழ்ச் சொல் வரவேயில்லை. அட்டைகளை வீட்டுக்குக் கொடுத்தேன். தலையைப் பிடித்துக்கொண்டிருக்கும் மனிதனின் படம் போட்ட அட்டையும் அவற்றுக்குள் இருந்தது. றீற்றா அக்கா காலையும் மாலையும் சாப்பாட்டு மேசையில் அட்டைகளைப் பரப்பிவைத்துப் பாடம் கேட்டார். அவ்வளவு அக்கறையான குடும்பம் எங்களுக்கு வாய்ப்பது குறைவு.

ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வாந்தி எடுத்து, நினைவு தப்பி, அம்புலன்ஸில் கொண்டுபோனதாக அனிதா தொலைபேசியில் சொன்னாள். இந்த முறை இரத்தம் கட்டவில்லை, கசிந்திருந்தது. அந்த வாரம் முடிவதற்குள் அவர் இறந்துபோனார். அந்த ஞாயிறும் பூசைக்குப் போய்வந்து, நல்லாய்ச் சாப்பிட்டு, பாடமும் சொன்னவர் என்று, செய்தி சொல்ல எடுத்த அனிதா அழுதாள். என்ன பாடம் என்று கேட்டேன். ஹோத்பீனெ என்றாள். தலையிடி.

குன்வோரிடம் போய்ச் சொன்னேன்.  அவர் எழுந்து, அலுமாரியிலிருந்த அட்டைப் பெட்டிகள் எல்லாவற்றையும் இறக்கி, ஒவ்வொன்றாகப் பார்த்து, வலி, தாகம், பசி, பயம், கழிப்பறை என்று ஒரு மனிதன் உதவி கேட்கும் சொற்களையெல்லாம் எடுத்துவிட்டார். "இவை பயிற்சிக்கு இல்லை. இவற்றை இந்த அறையில் நாம் கற்றுக்கொடுப்போம். அவர் சொன்னதும் எழுந்து போய் வேண்டியதைச் செய்வோம். வீட்டுக்குக் கொடுக்க மாட்டோம். வீட்டில் பாடமாகக் கேட்டுக் கேட்டு, கடைசியில் ஒருவருக்கும் காது கேட்காமல் போய்விடும்" என்றார். அந்த விதி இப்படித்தான் வந்தது.

நல்லடக்கம் முடிந்து சில நாட்களில் றீற்றா அக்காவும் அனிதாவும் அட்டைகளைத் திருப்பித் தர வந்தார்கள். குன்வோரும் அறையில் இருந்தார். அக்கா கறுப்பு உடுப்போடு, மெலிந்துபோய் இருந்தார். அட்டைகளை மேசையில் வைத்துவிட்டுக் கைபேசியை எடுத்தார்.

"தங்கச்சி, ஒரு விசயம் கேக்கோணும். ஆரிட்டையும் கேக்கேல்லை. நீங்கள்தான் இவருக்குச் சொல்லிக் குடுத்தனீங்கள், உங்களுக்குத்தான் தெரியும். அண்டைக்கு இவர் பாடம் சொன்னவரோ, தலை நோகுதெண்டு வருத்தம் சொன்னவரோ?"

நான் வாய் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "வருத்தமெண்டா தமிழிலைதானே சொல்லியிருப்பார்? கால் அடிபட்டாலும் அம்மா எண்டுதானே வாயிலை வரும்? என்னோடை ஒருநாளும் டேனிஷ் கதைச்சதில்லை. அந்தச் சொல்லுக்கு என்ன கருத்தெண்டு எனக்குத் தெரியாதே? தெரியும். டேனிஷிலை சொன்னபடியால் பாடமெண்டு நினைச்சன். நான் நினைச்சது சரிதானே?"

காணொளியை ஓடவிட்டார். யன்னலோரக் கதிரையில் அருளானந்தம் அண்ணை இருக்கிறார். மேசை வெறுமையாக இருக்கிறது, ஓர் அட்டையும் இல்லை. றீற்றா அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "ஹோத்பீனெ" என்கிறார். தொழிற்சாலையில் வேலை செய்தபோது எப்படிச் சொல்லியிருப்பாரோ அப்படி, ஒரே மூச்சில், பாதியை விழுங்கி. இடது கை தட்டவில்லை. அது பிடரியைப் பொத்திக்கொண்டிருக்கிறது. "ஐயோ பாருங்கோ, முழுசாச் சொல்லுறார்!" என்று அக்கா கைதட்டும் சத்தம். படம் எடுக்கும் அனிதாவின் குரல் டேனிஷில், "இன்னொரு தடவை, அப்பா!" என்கிறது. அவர் மறுபடியும் சொல்கிறார். மறுபடியும் கைதட்டல். "இன்னொரு தடவை!" மூன்றாவது தடவை அவர் பிடரியிலிருந்த கையை எடுத்து, மகளின் மணிக்கட்டைப் பிடிக்கிறார். படம் ஆடி, கூரைக்குப் போய், அவளுடைய சிரிப்போடு முடிகிறது.

குன்வோர் தன் கைகளின்மேல் இருந்தபடியே என்னைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, பார்த்தது விளங்கியிருந்தது. நோயாளியிடமோ குடும்பத்திடமோ நாங்கள் பொய் சொல்வதில்லை. அது அவர் போட்ட இன்னொரு சட்டம், அதை நான் அதுவரை மீறியதில்லை. அனிதா தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காணொளி ஓடியபோது அவள் கைபேசிப் பக்கம் திரும்பவில்லை.

எனக்கு எல்லோர்மேலும் கோபம் வந்தது. கைதட்டாதே என்று சொல்லியும் தட்டிய இந்தப் பெண்மேல் வந்தது. கையின்மேல் இருந்துகொண்டு நியாயமாக இருக்கக்கூடிய குன்வோர்மேலும் வந்தது. பிறகு றீற்றா அக்காவைப் பார்த்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் அருளானந்தம் அண்ணை திரும்பி வரப்போவதில்லை. இந்த மனுசி இன்னும் இருபது முப்பது வருடம் அந்த வீட்டில் தனியே இருக்க வேண்டும்.

"பாடம்தான் அக்கா" என்றேன். "புதுச் சொல் எல்லாருக்கும் பாடமாத்தான் முதலிலை வரும். தமிழ் பிறகுதான் வரும்."

அவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். உடம்பு முழுவதும் தளர்ந்து கதிரையில் சாய்ந்தது. "அப்ப வடிவாச் சொன்னவர் என்ன?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா. அவ்வளவு வடிவா அதுக்கு முந்திச் சொன்னதே இல்லை."

அனிதா எழுந்து வெளியே போனாள். நான் குன்வோரை அக்காவோடு விட்டுவிட்டு அவள் பின்னால் போனேன். வாகனத் தரிப்பிடத்தில், தன் காருக்குப் பக்கத்தில், கதவைத் திறக்காமல் நின்றாள். இடது மணிக்கட்டை வலது கையால் பொத்திப் பிடித்திருந்தாள். அந்தப் பிள்ளை என்னோடு ஒருநாளும் தமிழ் பேசியதில்லை. தெரியாது என்றே நினைத்திருந்தேன்.

"அன்ரி," என்றாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிச் சொன்னாள். "அம்மாக்குச் சொன்னது... எனக்கும் சொல்லுங்கோ."

அவளுக்கு உண்மை தெரியும். அப்பா பிடித்தது அவளுடைய மணிக்கட்டைத்தான். என்னிடம் அவள் கேட்டது உண்மையை இல்லை என்றும் எனக்குத் தெரிந்தது.

"பாடம்தான், பிள்ளை. அப்பா பாடம்தான் சொன்னவர்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். "இன்னொருக்கா," என்றாள்.

நான் இன்னொருக்காச் சொன்னேன்.